ஆவுடையம்மாள் எந்த ஊர்ப் பெயர்? பழைய தமிழ்ப் பெயர்களின் பொருளும் மூலமும்

கேள்வி: எங்கள் குடும்பத்துப் பழைய பத்திரங்களில் ஆவுடையம்மாள், காந்திமதி, குழைக்காதன், இசக்கி, பிச்சை என்ற பெயர்கள் வருகின்றன. அகராதியைப் பார்த்தால் பொருள் சரியாகப் பிடிபடவில்லை. இவற்றின் பொருள் என்ன? இவை தமிழ்ப் பெயர்களா, வடமொழிப் பெயர்களா? முன்னோர் எந்தப் பக்கத்தினர் என்பதை இவற்றைக் கொண்டு சொல்ல இயலுமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே எளிது. இந்தப் பெயர்களில் நான்கு, தாமிரபரணிக் கரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஐயத்திற்கு அதிகம் இடமின்றிக் காட்டுகின்றன. அகராதி உங்களுக்கு உதவாததற்குக் காரணமும் இதிலேயே உள்ளது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை தமிழ்நாட்டில் பெற்றோர், பொருள் நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பெயரைத் தேர்ந்தெடுத்தது குறைவு. ஒரு குறிப்பிட்ட ஊரில் குடிகொண்டிருக்கும் தெய்வத்தின் பெயரை, அந்த ஊரில் வழங்கும் வடிவத்திலேயே பிள்ளைக்கு இட்டார்கள். சிவன் என்றோ திருமால் என்றோ பொதுப்படையாக இடாமல், சங்கரன்கோவில் அம்மனின் பெயர், திருப்பேரைப் பெருமாளின் பெயர் என்று இட்டார்கள். ஆகவே பெயரை முதலில் கோயிலோடு பொருத்திப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே சொல்லாகப் பிரிக்க வேண்டும்.

ஆவுடையம்மாள் என்பது சங்கரன்கோவில் கோமதி அம்மனின் தமிழ்ப் பெயர். 'ஆ' என்றால் பசு. ஆவை உடையவள் ஆவுடையாள். தேவர்கள் பசுக்களாக உடன்வர, அம்மன் இங்கே தவமிருந்தாள் என்பது தலபுராணம். ஆடித்தபசு விழா அந்தத் தவத்தை ஒட்டியது. கோமதி என்ற வடமொழிப் பெயரும் இதையே சொல்கிறது. பலர் அதனைக் 'கோ' என்றும் 'மதி' என்றும் பிரித்து, நிலவு போன்ற முகத்தை உடையவள் என்று விளக்குவார்கள். கேட்க அழகாக இருந்தாலும் அது பொருந்தாது. இங்கே 'மதி' என்பது நிலவுமன்று, அறிவுமன்று. 'உடையவள்' என்ற பொருளைத் தரும் வடமொழி விகுதி. ஸ்ரீமதி என்பதில் உள்ளதும் அதுவே. ஆண்பாலில் அது 'மான்' என்று முடியும்: ஸ்ரீமான், புத்திமான். தாடையின் சிறப்பால் பெயர் பெற்ற ஹனுமானும் இந்த வகைதான். 'ஹனு' என்றால் தாடை. இதன் இன்னொரு வடிவம் 'வதி', 'வான்' என்று வரும். நீர்நிலைகளை உடையவள் சரஸ்வதி. ஆனால் பார்வதியை இதில் சேர்க்கக் கூடாது. அது பர்வதத்தின் மகள், அதாவது மலைமகள் என்ற பொருளில் வேறு வழியாக உருவான சொல்.

இந்த விகுதியை அறிந்துவிட்டால் உங்கள் இரண்டாவது பெயரும் தானாகத் திறந்துகொள்ளும். காந்தி என்றால் ஒளி, எழில். காந்திமதி என்றால் எழிலை உடையவள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் அம்மனுக்குக் காந்திமதி என்றும் வடிவுடையம்மை என்றும் இரு பெயர்கள் வழங்குவதன் காரணம் இதுதான். கோமதிக்கு ஆவுடையாள், காந்திமதிக்கு வடிவுடையாள் என உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் இணைகள் இவை. நெல்லைப் பக்கத்து வடிவு, வடிவம்மாள் போன்ற பெயர்களைக் காணும்போது பெரும்பாலும் இந்த அம்மனையே நினைக்க வேண்டும். மகாத்மா காந்தியின் குடும்பப் பெயரோடு இதற்குத் தொடர்பு உண்டா என்று சிலர் கேட்பதுண்டு, இல்லை. அது மணப்பொருளைக் குறிக்கும் 'கந்தம்' என்ற சொல்லிலிருந்து வந்த குஜராத்தி வணிகப் பெயர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் அமைந்தது தற்செயல்.

ஆவுடையப்பன் என்ற ஆண்பாற் பெயரில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. இலிங்கத்தின் பீடத்தை ஆவுடையார் என்பது வழக்கம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதருக்கு இலிங்க உருவம் இல்லை, பீடம் மட்டுமே உண்டு. ஊரின் பெயரே அதனால்தான் அமைந்தது. எனவே ஆவுடையப்பன் ஒருவர் அந்தப் பக்கத்தினராக இருந்தால் மூலம் வேறாகலாம். அதே வீட்டில் கோமதிநாயகம், சங்கரலிங்கம், சங்கரநாராயணன் போன்ற பெயர்களும் இருந்தால் சங்கரன்கோவில் என்று துணிந்து சொல்லலாம். ஆத்மநாதன், யோகாம்பாள் என்றிருந்தால் ஆவுடையார்கோவில். ஒரு பெயரைத் தனியாக வைத்து முடிவுக்கு வராமல், ஒரு வீட்டின் பெயர்களை எல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குழைக்காதனைப் பற்றி இவ்வளவு ஆராய வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரிக்கு அருகே உள்ள தென்திருப்பேரையின் பெருமாள் மகரநெடுங்குழைக்காதர். குழை என்பது காதணி. மகர மீன் வடிவிலான நீண்ட காதணிகளை அணிந்த காதினர் என்பது பொருள். நம்மாழ்வார் திருவாய்மொழியில் இந்தத் தலத்துப் பெருமாளை இப்பெயராலேயே பாடுகிறார். குழைக்காதன் என்ற பெயர் வேறு வட்டாரத்தில் தென்பட்டால், அந்தக் குடும்பம் இங்கிருந்து போனது என்றே முதலில் கருதலாம். பக்கத்து ஊர்களான திருவைகுண்டத்துக் கள்ளபிரானும் திருக்கோளூர் வைத்தமாநிதியும் அவ்வாறே. ஆழ்வார்கள் பாடிய வைணவத் தலங்களில் ஒன்பது, நவதிருப்பதி என்ற பெயரில் இந்தச் சிறிய பரப்பில் நெருங்கி அமைந்திருப்பதால், இங்கே பெருமாள் பெயர்கள் வேறெங்கும் காணாத அளவுக்கு வகைவகையாக விளைந்திருக்கின்றன. ஒரே வீட்டில் ஆவுடையம்மாளும் குழைக்காதனும் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. பெண் எடுத்த ஊர் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று. சைவ வீட்டார் பெருமாள் பெயரை இடுவதும் தென்மாவட்டங்களில் சாதாரணம்.

இசக்கி வேறு உலகத்தைச் சேர்ந்த பெயர். பெருங்கோயில்களுக்கு வெளியே, ஊர் எல்லையிலும் வயல்வெளியிலும் நிற்கும் தெய்வம் அவள். வடமொழியின் யட்சி, பிராகிருத வழியே தமிழில் இயக்கி ஆனது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரியில் 'பூங்கண் இயக்கி' என்ற தெய்வத்தைக் காண்கிறோம். இயக்கி பிற்காலத்தில் மக்கள் நாவில் இசக்கி ஆனாள். உயிரை உசிர் என்றும் மயிரை மசிர் என்றும் சொல்லும் அதே ஒலிமாற்றம்தான் இது. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் அவளுடைய பெயர்பெற்ற இடம். இசக்கிமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, பேச்சியம்மாள், சுடலைமுத்து, மாடசாமி ஆகிய பெயர்கள் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களைப் போல வேறெங்கும் இத்தனை செறிவாக இல்லை. படித்த தலைமுறையினர் இப்பெயர்களைச் சுமக்கக் கூச்சப்பட்டு மாற்றிக்கொள்வதைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. யட்சி வழிபாட்டின் தொன்மையைப் பார்த்தால், இசக்கி என்ற பெயரின் வேர் நாம் இன்று நாகரிகமென்று கருதும் பல பெயர்களை விட ஆழமானது.

இனி, தமிழா வடமொழியா என்ற கேள்வி. இதற்கு ஒரே வீச்சில் பதில் சொல்வோர் இரு தரப்பிலும் உண்டு. எல்லாமே வடமொழியிலிருந்து பெயர்த்தவை என்பார் ஒருவர், எல்லாமே தமிழிலிருந்து திரித்தவை என்பார் இன்னொருவர். ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே, எது எப்போது முதலில் எழுத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்வதே முறை. தேவாரம் இதற்கு மிகவும் பயன்படும் சான்று. மதுரை அம்மனை 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் அங்கயற்கண்ணி என்று பாடுகிறார். கயல் என்னும் மீனைப் போன்ற அழகிய கண்ணை உடையவள் என்ற பொருளை மீனாட்சி என்ற பெயரும் அப்படியே தருகிறது: மீனம், அக்ஷி. மீனாட்சியில் உள்ள 'ஆட்சி'யை அரசாட்சி என்று கொண்டு, மீன்கொடிப் பாண்டியரின் ஆட்சி என்று விளக்குவது பட்டிமன்ற மேடைக்குப் பொருந்தலாம்; சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது. அப்படியானால் காமாட்சியும் விசாலாட்சியும் எதை ஆண்டார்கள்? எல்லாவற்றிலும் இருப்பது கண் என்ற பொருளுடைய அக்ஷிதான். நாகப்பட்டினத்து நீலாயதாட்சியைப் பாருங்கள். நீலம், ஆயதம், அக்ஷி என்ற மூன்று உறுப்புகளும், அந்த அம்மனின் தமிழ்ப் பெயரான கருந்தடங்கண்ணியில் கரு, தடம், கண் என்று வரிசை மாறாமல் நிற்கின்றன.

திருவண்ணாமலை இன்னும் சுவையான இடம். அம்மன் உண்ணாமுலை; 'உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்' என்று சம்பந்தர் பதிகம் தொடங்குகிறது. அபீதகுசாம்பாள் என்ற வடமொழிப் பெயர் இதன் நேர்ப்பெயர்ப்பு: பருகப்படாத முலையினள். உலகுக்கெல்லாம் தாயானவள், யாருக்கும் பாலூட்டித் தாயானவள் அல்லள் என்ற கருத்தைச் சுமந்த பெயர் இது. செட்டிநாட்டுப் பக்கம் இதையே பெண்களுக்கு உண்ணாமலை என்று இடுவார்கள். கூச்சத்தால் மாறியதோ, அண்ணாமலை என்ற பெயரின் ஓசை இழுத்ததோ, உண்ணாமலை ஆச்சி என்பது தனிப் பெயராகவே நிலைத்துவிட்டது. அம்மன் பெயர்கள் இப்படி ஒன்றுக்கொன்று நேராக இருக்க, சுவாமியின் பெயர்களான அண்ணாமலையும் அருணாசலமும் அவ்வாறு இல்லை. அண்ணுதல் என்றால் நெருங்குதல். நெருங்க முடியாத மலை அண்ணாமலை. அயனும் மாலும் அடிமுடி தேடிக் காணாத கதைக்கு இது பொருந்துகிறது. அருணாசலம் என்றால் செந்நிற மலை. தீயுருவாக நின்ற கதைக்கு அது பொருந்துகிறது. ஓசையில் நெருங்கியும் பொருளில் விலகியும் நிற்கும் இரு பெயர்கள் ஒரே மலைக்கு. இவற்றில் ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று எழுதுவது பிழை.

ஓசை மயக்கத்திலிருந்து புராணமே முளைப்பதும் உண்டு. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் சௌரிராஜன். சௌரி என்பது சூரன் என்ற யாதவனின் குலத்தில் வந்ததால் கண்ணனுக்கு அமைந்த பெயர். தமிழிலோ சவுரி என்றால் முடியோடு சேர்த்து வைக்கும் பொய்முடி. அரசனுக்குக் கொடுத்த மாலையில் முடி இருந்ததாகவும், அது பெருமாளின் முடியே என்று அர்ச்சகர் சொல்லிவிட்டதாகவும், அவரைக் காக்கப் பெருமாள் முடி வளர்த்துக் காட்டியதாகவும் தலக்கதை கூறுகிறது. கதையின் அன்பை நான் குறை சொல்லவில்லை. பெயரின் மூலத்தைக் கேட்டால் மட்டும் யாதவ குலத்தைத்தான் சொல்ல வேண்டும். பழனிக்குச் சொல்லப்படும் 'பழம் நீ' என்ற விளக்கமும் இத்தகையதே. அகநானூற்றின் முதற்பாட்டில் வரும், ஆவியர் குலத் தலைவனின் பொதினி என்ற ஊரே பழனி என்பது அறிஞர் பலரின் கருத்து. வைத்தீசுவரன்கோயில் அம்மனான தையல்நாயகியின் பெயரைக் கேட்டுத் துணி தைப்பதை நினைப்பவர்களும் இருக்கிறார்கள்; பழந்தமிழில் தையல் என்றால் பெண், அழகு. ஆத்திசூடியின் 'தையல்சொல் கேளேல்' என்பதில் உள்ள தையலும் அதுவே.

தெய்வத்தின் பெயரைக்கூட விட்டுவிட்டு ஊரின் பெயரையே பிள்ளைக்கு இடுவது தமிழரின் தனி வழக்கம் என்று சொல்லும் அளவுக்குப் பரவியுள்ளது. செந்தில் என்று பெயர் கொண்ட எத்தனை பேருக்கு அது திருச்செந்தூரின் பழம்பெயர் என்று தெரியும்? புறநானூற்றிலும் சிலப்பதிகாரத்திலும் செந்தில் என்றே அவ்வூர் குறிக்கப்படுகிறது. பழனி, சிதம்பரம், குற்றாலம், வேங்கடம், தணிகாசலம் எல்லாம் ஊரோ மலையோ ஆனவைதான். இது எவ்வளவு பழையது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு சான்று உள்ளது. இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்து தஞ்சையில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப் பெண்களின், பெயர்களை, வீட்டு வரிசையோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அந்தப் பட்டியலில், சிவனைக் குறிக்கும் நக்கன் என்ற சொல்லை முன்னே கொண்டு, நக்கன் மறைக்காடு, நக்கன் திருவையாறு, நக்கன் தில்லையழகி போன்றோர் வருகிறார்கள். மறைக்காடு இன்றைய வேதாரண்யம். ஒரு பெண்ணின் பெயர் நக்கன் எடுத்தபாதம். தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியைக் குறிக்கும் பெயர். அதையே வடமொழியில் சொன்னால் குஞ்சிதபாதம். கும்பகோணம், சிதம்பரம் பக்கங்களில் குஞ்சிதபாதம் என்ற பெயருள்ள பெரியவர்களை இன்றும் காணலாம். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் மொழி மாறியிருக்கிறது, கால் இறங்கவில்லை.

அதற்கு முந்திய நிலைமை வேறு. சங்க காலத்தில் ஆதன், சாத்தன், கீரன், கொற்றன் போன்ற சிறிய பெயர்களே மிகுதி. கீழடிப் பானையோட்டில் கிடைத்த 'குவிரன் ஆதன்' அந்த வகையைச் சேர்ந்தது. அப்போதும் ஊர்ப்பெயர் ஒட்டியது. ஆனால் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதுபோல அடையாளத்திற்காக முன்னே நின்றதே தவிர, பெயருக்குள் புகவில்லை. நாயன்மார்களும் ஆழ்வார்களும் ஊர் ஊராகப் பாடி, ஒவ்வோர் ஊரின் இறைவனுக்கும் தனிப்பெயரை நிலைநிறுத்திய பிறகுதான் தலப்பெயர் ஆட்பெயராகப் பெருகியது. திருநாவலூரில் பிறந்த சுந்தரரே நம்பி ஆரூரர் என்று பெயர் பெற்றவர்தானே.

இந்த இடத்தில் ஒரு தடை எழலாம். பெயர் ஊரைக் காட்டுகிறது என்றால், நாவலூரில் பிறந்தவர் எப்படி ஆரூரர் ஆனார்? பெயர் காட்டுவது பிறந்த ஊரை அல்ல, வேண்டுதலோ குலவழிபாடோ கொண்டிருந்த ஊரை. 18ஆம் நூற்றாண்டில் திருவாரூரில் பிறந்த சங்கீத மூர்த்திகளில் தியாகராஜர் அவ்வூர் இறைவனின் பெயரைப் பெற்றார். முத்துசுவாமி தீட்சிதரோ, பெற்றோர் வேண்டிக்கொண்ட வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் பெயரைப் பெற்றார். 1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்த மறைமலையடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் அம்மலையின் பெயர். பின்னாளில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது அவர் சுவாமி வேதாசலம் என்ற பெயரை அப்படியே மறைமலை அடிகள் என்று தமிழாக்கிக்கொண்டார். மொழியை மாற்றினாலும் மலையை அவர் விடவில்லை. அவருக்கு முன்னரே சூரியநாராயண சாஸ்திரி, பரிதி, மால், கலைஞர் என்று உறுப்புகளைப் பெயர்த்துப் பரிதிமாற்கலைஞர் ஆகியிருந்தார். கடல் கடந்தும் இதே கதைதான்: இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொன்னம்பலம் என்பவரின் மக்களாகப் பிறந்து அரசியலில் புகழ்பெற்ற அருணாசலம், இராமநாதன் ஆகியோரின் பெயர்களில் தில்லையும் திருவண்ணாமலையும் இராமேசுவரமும் ஒரே குடும்பத்துக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

இராமநாதன் என்ற பெயரைச் சற்று நின்று பார்க்கலாம். இராமன் என்று தொடங்குவதால் வைணவப் பெயர் என்று எண்ணுவது எளிது. உண்மையில் அது இராமேசுவரத்துச் சிவலிங்கத்தின் பெயர். இதே பொருளுடைய இராமேசுவரன் என்ற தொகைச்சொல்லை எப்படி விரிப்பது என்பதைப் பற்றி வடமொழி வாணர்களிடையே ஒரு வேடிக்கை வழங்கிவருகிறது. திருமாலைக் கேட்டால் 'இராமனுக்கு நாதன்' என்று வேற்றுமைத்தொகையாக விரிப்பாராம். சிவனைக் கேட்டால் 'எவனுக்கு இராமன் நாதனோ அவன்' என்று அன்மொழித்தொகையாக விரிப்பாராம். இருவர் சொன்னதும் போதாதவர்களுக்குப் பிரமன், 'இராமனே நாதன்' என்று இருவரையும் ஒருவராக்கிவிடுவாராம். மூன்று விரிவும் இலக்கணப்படி சரி. ஆட்பெயரின் பொருள் இதுதான் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இந்தப் பெயரை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

சமயப் பிரிவை மக்கள் பெயரில் எவ்வளவு நுட்பமாகக் கண்டார்கள் என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் பெயரே சான்று. அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். அவருடைய ஆசிரியரும் தீவிர சைவருமான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேறு பெயர் உண்டா என்று கேட்க, வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதை இவர் சொன்னார், அதுவே நிலைத்தது. அவருடைய ஊரான உத்தமதானபுரத்துக்குப் பக்கத்துச் சுவாமிமலை முருகனின் பெயர் அது.

தலப்பெயர் வழக்கம் இந்துக்களோடு நிற்கவில்லை. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயரால் ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் வந்தார்கள். நாகூரில் அடங்கிய 16ஆம் நூற்றாண்டு ஞானியான சாகுல் ஹமீதின் பெயரும், மீரான் என்ற அவரது சிறப்புப் பெயரும், ஏன், நாகூர் என்ற ஊர்ப்பெயருமே தமிழ் முஸ்லிம்களின் ஆட்பெயராயின. அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயரான முஹ்யித்தீன், தமிழ் நாவில் முகைதீன், மொய்தீன், மைதீன் என்று தேய்ந்தது. கத்தோலிக்கர் இரு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, ஓசையைத் தழுவுதல்: சேவியர் சவரியானார், சந்தியாகோ சந்தியாகு ஆனார். மற்றொன்று, பொருளைப் பெயர்த்தல்: இறைவனின் அருள் என்ற பொருளுடைய எபிரேயப் பெயரான யோவான் அருளப்பன் ஆனார், சிறியவர் என்ற பொருளுடைய இலத்தீன் பெயரான பவுல் சின்னப்பன் ஆனார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசர் என்ற பெயர், 'கடவுள் துணைசெய்தார்' என்ற அதன் பொருளை ஒட்டித் தேவசகாயம் என்று தமிழில் இடப்பட்டது. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவரே. நீலாயதாட்சியைக் கருந்தடங்கண்ணி என்றதும், யோவானை அருளப்பன் என்றதும் ஒரே மனப்பழக்கத்தின் இரு விளைவுகள் என்பது என் எண்ணம்.

எஞ்சியிருப்பது பிச்சை. இதற்குக் கோயில் தேட வேண்டாம். முன்பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைத் தங்களுடையது என்று உரிமை கொண்டாடாமல், தெய்வம் இட்ட பிச்சையாகப் பெற்றுக்கொள்வதாகப் பாவித்து இடும் பெயர் அது. குப்பையில் கிடத்தி எடுத்ததாகப் பாவித்தால் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி. இதிலும் சமயவேறுபாடு இல்லை: பிச்சையாண்டி, பிச்சைமுத்து, நாகூர்பிச்சை என்று மூன்று சமயத்தாரிடமும் காணலாம்.

உங்கள் பத்திரங்களில் பிச்சையும் குழைக்காதனும் இரண்டு ஆட்கள்தானா என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூத்த மகனின் பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை இடுவது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்ததால், குழந்தையை வீட்டில் வேறொரு பெயரால்தான் அழைப்பார்கள். ஏட்டில் குழைக்காதன், ஊரார் வாயில் பிச்சை என்று ஒருவரே இருந்திருக்கலாம். இரண்டு பெயர்களுக்கும் தகப்பனார் பெயரும் நிலத்தின் நான்கெல்லையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கேனும் ஒரு பத்திரத்தில் 'பிச்சை என்கிற குழைக்காதன்' என்று எழுதியிருந்தால் ஐயமே இல்லை. தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் இருப்பதால், குழைக்காதன் என்று வரும் எல்லா இடத்தையும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிடாமல், ஆண்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளவும் வேண்டும்.